வெண்வால் மானுக்குத் தீவனம்: எந்த மாதம், எதை, எவ்வளவு?

கேள்வி இது: "டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் நண்பர்கள் சேர்ந்து 300 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். சுற்றிலும் சாதாரணக் கம்பிவேலிதான். கோடையில் மான்களுக்கு விலா எலும்பு தெரிகிறது. நவம்பரில் வேட்டை தொடங்கும்போது நல்ல கொம்புள்ள ஆண் மான்கள் வேண்டும். எந்த மாதத்தில் எதைப் போடுவது? பக்கத்து நிலத்துக்காரர் மக்காச்சோளம் மட்டும்தான் தூவுகிறார். அது போதாதா?"

மக்காச்சோளம் போதாது. அதில் புரதம் 8 சதவீதம் அளவுதான், மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. கொம்பு வளர்க்கும் ஆணுக்கும் பால் கொடுக்கும் பெட்டைக்கும் உணவில் 16 சதவீதம் புரதமாவது இருக்க வேண்டும். ஹன்ட் என்ற ஊருக்கு அருகிலுள்ள கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் அடைப்புக்குள் வளர்த்த மான்களுக்கு 8 சதவீதப் புரதத் தீவனத்தையும் 16 சதவீதத் தீவனத்தையும் கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். குறைந்த புரதம் தின்றவற்றுக்குக் கொம்பும் சிறுத்தது, உடல் எடையும் குறைந்தது. மக்காச்சோளம் மானைக் கூப்பிடும் பண்டம். அதை வைத்து மானை வளர்க்க முடியாது.

ஆனால் தீவன மூட்டையை இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் நிலத்தில் எத்தனை மான் இருக்கிறது என்று எண்ணுங்கள். கோடையில் விலா எலும்பு தெரிந்தால் பெரும்பாலான இடங்களில் காரணம் வறட்சி மட்டுமல்ல, நிலம் தாங்குவதைவிட மான் அதிகம் என்பதுதான். ஹில் கன்ட்ரி அமெரிக்காவிலேயே வெண்வால் மான் நெருக்கமாக வாழும் பகுதிகளில் ஒன்று. எண்ணாமல் தீவனம் போட்டால் பிழைக்கும் குட்டிகள் கூடும், மூன்று நான்கு ஆண்டுகளில் பசியும் கூடும். தொட்டி நிரம்பியிருக்கும், சுற்றியுள்ள புதர் மொட்டையாகியிருக்கும்.

எண்ணுவது கடினமில்லை. ஆகஸ்ட் கடைசியில், கொம்பு முழுமையடைந்து குட்டிகளும் தாயோடு நடமாடத் தொடங்கியபின், 100 ஏக்கருக்கு ஒரு தானியங்கிக் கேமரா என்ற கணக்கில் மூன்று கேமரா வையுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்சம் மக்காச்சோளம். முதல் ஒரு வாரம் மான்கள் பழகட்டும். பிறகு 10 முதல் 14 நாள் படம் எடுங்கள். ஆண் மான்களைக் கொம்பை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம், பெட்டைகளை அப்படிப் பிரிக்க முடியாது. அதனால் விகிதக் கணக்குப் போடுகிறோம். ஆண் மான் படங்கள் 240, அவற்றில் தனித்தனி ஆண்கள் 12 என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 240-ஆல் வகுத்தால் 0.05. பெட்டைப் படங்கள் 360 என்றால் 360 × 0.05 = 18 பெட்டைகள். குட்டிப் படங்கள் 120 என்றால் 6 குட்டிகள். மொத்தம் 36. அதாவது ஏறக்குறைய 8 ஏக்கருக்கு ஒரு மான்.

அது அதிகமா குறைவா என்பதைப் புதர்தான் சொல்லும். டெக்சாஸ் ஓக், கரோலினா பக்தார்ன் போன்றவை மானுக்கு முதல் விருப்பம். லைவ் ஓக், ஹேக்பெர்ரி, எல்ம் ஆகியவை அடுத்த வரிசை. ஆஷ் ஜூனிப்பர், அகரீட்டா, டெக்சாஸ் பெர்சிமன் மூன்றும் வேறு வழியில்லாதபோது கடிப்பவை. டெக்சாஸ் ஓக்கின் கன்றுகளே கண்ணில் படவில்லை, லைவ் ஓக்கில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் வரை இலை இல்லை, ஜூனிப்பரையும் கடித்திருக்கிறது என்றால் நிலம் மிஞ்சிப் போயிருக்கிறது. அந்த நிலையில் முதல் செலவு தீவனத்துக்கு இல்லை, பெட்டைகளைக் குறைப்பதற்கு. டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் உயிரியலாளர்கள் நில உரிமையாளர்களுக்குக் கட்டணமின்றி வந்து பார்த்து, எத்தனை பெட்டையை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அத்துறையின் நிர்வகிக்கப்பட்ட நில மான் திட்டத்தில் சேர்ந்தால் பெட்டைகளை எடுக்கக் கூடுதல் காலமும் அனுமதியும் கிடைக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு. வளர்ந்த மான் ஒன்று ஒரு நாளைக்கு உலர் எடையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தின்னும். 36 மானுக்கு ஆண்டுக்கு 19,700 கிலோ. தீவனம் தாராளமாகக் கிடைக்கும்போதும் ஒரு மான் நாளொன்றுக்குச் சராசரியாக அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான் எடுத்துக்கொள்ளும். 0.7 கிலோ என்று வைத்து ஆறு மாதம் போட்டால் 36 × 0.7 × 180, அதாவது ஏறக்குறைய 4,500 கிலோ. 50 பவுண்டு மூட்டையில் 200 மூட்டை. இவ்வளவு செலவழித்த பிறகும் 15,000 கிலோ தழையை அந்த 300 ஏக்கர்தான் தந்தாக வேண்டும். துணைத் தீவனம் என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

இனி மாதங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து தொடங்குங்கள். ஹில் கன்ட்ரியில் இணைசேரும் பருவம் நவம்பரில் உச்சம். அந்த வாரங்களில் ஆண் மான் மேய்வதையே மறந்து ஓடும், உடல் எடையில் கால்பங்கு வரை இழக்கும். பிப்ரவரியில் கொம்பு உதிர்ந்து, மார்ச், ஏப்ரலில் புதுக்கொம்பு முளைக்கத் தொடங்கும். மான் முதலில் இழந்த உடம்பை மீட்கும், மிச்சமிருப்பதைத்தான் கொம்புக்குக் கொடுக்கும். ஏப்ரலில் தொடங்கினால் அந்த மீட்புக் காலம் வீணாகிவிடுகிறது.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இடைவிடாமல் போட வேண்டிய காலம். பெட்டைகள் ஜூன் வாக்கில் ஈனும், ஜூலை, ஆகஸ்டில் பால் சுரப்பு கடுமையாக இருக்கும். மழை பெய்யாத கோடையில் தரைச் செடிகள் காய்ந்து, ஓக் இலையும் முற்றிச் சத்துக் குறைந்திருக்கும். உங்கள் நிலத்தில் விலா எலும்பு தெரிவது இந்த மாதங்களில்தான். வருடத்தில் இரண்டு மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஜூலையையும் ஆகஸ்டையும் தேர்ந்தெடுங்கள். கொம்பு அங்குலத்தைவிட அந்த ஆண்டுக் குட்டிகள் எத்தனை பிழைக்கின்றன என்பது அப்போதுதான் தீர்மானமாகிறது.

செப்டம்பர் கடைசியில் ஓக் கொட்டைகள் விழத் தொடங்கியதும் தொட்டியில் தீவனம் அப்படியே நிற்கும். பதற வேண்டாம், ஃபீடர் பழுதாகவில்லை. காட்டில் கொட்டை இருக்கும்போது மான் தொட்டிப் பக்கம் வராது. அந்த வாரங்களில் நிரப்பாமல் விட்டு, பழைய தீவனத்தை அள்ளிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் காய வையுங்கள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை பொது வேட்டைப் பருவம் தொடங்கும். மக்காச்சோளத்துக்கான காலம் இதுதான். டெக்சாஸில் தனியார் நிலத்தில் தீவனம் தூவி வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கிறது. எல்லா மாநிலங்களும் அப்படி அனுமதிப்பதில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம் என்பதால், இங்கே சொல்பவற்றை ஊரில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்களுக்கு அனுப்பி வைக்காதீர்கள்.

எந்தத் தீவனம்? மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். கச்சாப் புரதம் 16 முதல் 20 சதவீதம், கால்சியமும் பாஸ்பரசும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. 20-க்கு மேல் போனால் கூடுதல் புரதம் சிறுநீராகத்தான் வெளியேறும். பெல்லட் (அழுத்திச் செய்த குச்சித் தீவனம்) கெட்டியாக இருக்க வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் மாவாக உதிரும் சரக்கை வாங்காதீர்கள். அந்த மாவு, தொட்டியிலிருந்து தீவனம் இறங்கும் குழாயின் வாயில் தங்கி, ஈரக்காற்றில் களியாகி அடைத்துக்கொள்ளும். முழுத் தொட்டி இருந்தும் மான் பட்டினி கிடக்கும்.

நிலத்தில் செம்மறியோ குதிரையோ இருந்தால் ஒரு எச்சரிக்கை. மான் தீவனத்தில் செம்பு அதிகம். அது மானுக்கு வேண்டியது, செம்மறிக்கு நஞ்சு. மாட்டுத் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து சிறிதளவே குதிரையைக் கொன்றுவிடும். மலிவு என்று மாட்டுத் தீவனத்தை மான் தொட்டியில் கொட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்துக் குதிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பருத்திக்கொட்டையும் டெக்சாஸில் நன்றாகப் பயன்படுகிறது. நம் ஊரில் கறவை மாட்டுக்கு ஆட்டிக் கொடுக்கும் அதே கொட்டைதான், இங்கே பஞ்சு ஒட்டியபடி முழுதாகப் போடுகிறார்கள். புரதம் 23 சதவீதம் அளவு, கொழுப்பும் நிறைய. கம்பிவலையை மூன்று நான்கு அடி விட்டத்தில் வட்டமாகச் சுற்றி நிறுத்தி உள்ளே கொட்டினால் போதும், மான் வலைக்கண் வழியாக இழுத்துத் தின்னும். காட்டுப்பன்றியும் ரக்கூன் என்ற சிறு இரவுவிலங்கும் அதை அதிகம் சீண்டாது என்பது பெரிய வசதி. கொட்டையில் உள்ள காசிபால் என்ற நச்சுப்பொருளை அசைபோடும் விலங்கின் வயிறு பெருமளவு முறித்துவிடும், ஆனால் முழுவதும் இல்லை. மிகுதியானால் ஆண் மானின் கருவளத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஆகஸ்டோடு நிறுத்தி, இணைசேரும் பருவத்துக்கு முன் கூண்டைக் காலி செய்துவிடுங்கள். நனைந்த பருத்திக்கொட்டை குவியலுக்குள்ளேயே சூடேறிப் பூசணம் பிடிக்கும். மேலே தகரம் போட்டு மூடுங்கள்.

அடுத்தது மான் சாகும் இடம்.

மானின் வயிற்றில் தழையைச் செரிக்க ஒரு வகை நுண்ணுயிர்கள், மாவுச்சத்தைச் செரிக்க வேறு வகை. தழை தின்று பழகிய மான் ஒரே நாளில் வயிறு நிறைய மக்காச்சோளம் தின்றால் மாவுச்சத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கட்டுக்கடங்காமல் பெருகி லாக்டிக் அமிலம் கொட்டும். அமிலம் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும், உடம்பின் நீரை வயிற்றுக்குள் இழுக்கும். ஒன்று முதல் மூன்று நாளில் மான் சாகும். வயிற்றைத் திறந்தால் கஞ்சிபோல் மக்காச்சோளம் இருக்கும், மான் கொழுத்தே இருக்கும். "நன்றாகத் தின்ற மான் ஏன் செத்தது?" என்று கேட்பவர்கள் பார்ப்பது இதைத்தான். பிழைத்தவற்றுக்குக் குளம்பு கோணலாக நீண்டு வளரும்.

இது இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று, இரக்கப்பட்டுக் குளிர்காலத்தில் மூட்டை மூட்டையாகத் தரையில் குவிப்பது. மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற பனி மாநிலங்களில் இதுதான் வழக்கமான விபத்து. அங்கே மான் ஓட்டத்தைக் குறைத்து, உடம்புக் கொழுப்பில் வாழ்ந்து, சுள்ளி கடித்துக் குளிர்காலத்தைத் தாண்டும் பிராணி. அந்த வயிற்றில் தானியம் இறங்கினால் தாங்காது. இன்னொன்று உங்களுக்கு நேரக்கூடியது. தொட்டி காலியாகி மூன்று வாரம் யாரும் வராமல், பிறகு ஒரு சனிக்கிழமை வந்து தானியத்தால் நிரப்பிவிட்டுப் போவது. காத்திருந்த மான்கள் முட்டிமோதித் தின்னும். நண்பர்கள் கூட்டாக நிலம் வைத்திருக்கும்போது யாருடைய முறை என்பதில் தவறு வருவது இயல்பு. பெயர் எழுதிய அட்டவணை ஒன்று வேண்டும்.

அதனால் மாற்றம் எதுவானாலும் இரண்டு மூன்று வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பெல்லட் அறியாத மான்களுக்கு முதல் இரண்டு வாரம் மூன்று பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு பெல்லட். அப்போது தொட்டியை நிரப்பாமல் ஓரிரு நாளுக்கு ஆகும் அளவே வையுங்கள். அடுத்த இரண்டு வாரம் பாதிக்குப் பாதி. பிறகு ஒரு பங்குக்கு மூன்று. ஆறாவது வாரம் பெல்லட் மட்டும். சில நிலங்களில் முதல் ஆண்டு முழுவதும் பாதி மான்கள் தொடவே தொடாது. தாயைப் பார்த்துக் கற்றுக்கொண்ட குட்டிகள் இரண்டாம் ஆண்டில் கணக்கை மாற்றிவிடும்.

ஃபீடர் இரண்டு வகை. பெல்லட்டுக்கு, ஈர்ப்பு விசையில் இறங்கும் குழாய்த் தொட்டி. 1,000 பவுண்டு கொள்ளளவுக்குக் குறையாமல் வாங்குங்கள், இல்லாவிட்டால் வாரந்தோறும் ஓட வேண்டியிருக்கும். குழாயின் வாய் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருந்தால் வளர்ந்த மான் எட்டும், பன்றி எட்டாது. 300 ஏக்கருக்கு இரண்டு தொட்டி, முடிந்தால் மூன்று. ஒரே ஒரு தொட்டி வைத்தால் மூத்த ஆண்கள் ஆக்கிரமித்து நிற்கும், பால் கொடுக்கும் பெட்டைகள் புதர் ஓரத்தில் காத்து நின்று திரும்பிவிடும். மக்காச்சோளத்துக்கு, மின்கலத்தில் ஓடும் சுழல் ஃபீடர். நேரக்கருவியில் "ஆறு வினாடி" என்று வைப்பதற்கு முன் சுழல்தட்டைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டி, ஐந்து வினாடி ஓடவிட்டு விழுந்ததை எடை போடுங்கள். ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு இயந்திரங்கள் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் கொட்டும். விடிந்த பின் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. இரவில் ஓடவிட்டால் அது பன்றிக்கும் ரக்கூனுக்கும் நீங்கள் போடும் விருந்து.

இடம் தேர்வு எளிது. மான் ஏற்கெனவே நடக்கும் தடத்துக்கு அருகே, தண்ணீரிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டருக்குள், மழை பெய்தாலும் வண்டி போகும் கெட்டியான தரையில், நூறு மீட்டருக்குள் மறைவு இருக்கும்படி. எல்லை வேலியிலிருந்து தள்ளி. பெல்லட் தொட்டியருகே சுடாதீர்கள். ஒரு முறை சத்தம் கேட்ட மூத்த ஆண் மான் பகலில் அங்கே தலைகாட்டாது, உங்கள் ஆறு மாதச் செலவும் இரவு உணவாகிவிடும்.

காட்டுப்பன்றிக்கு வேலி கட்டாயம். டெக்சாஸில் அவை இருபது லட்சத்துக்கும் மேல். வேலியில்லாத தொட்டியைக் கூட்டமாக வந்து முட்டிச் சாய்த்துவிடும். 16 அடி நீளமுள்ள பன்றிவேலித் தட்டிகள் பத்து வாங்கி வட்டமாக நிறுத்தினால் விட்டம் ஏறக்குறைய 51 அடி வரும். இதைவிடச் சிறிதாகக் கட்டினால் மான் உள்ளே குதிக்கத் தயங்கும், உள்ளே மாட்டிக்கொண்டது போல் உணரும். தட்டியின் உயரம் 34 அங்குலம். 28 அங்குலத் தட்டியைப் பெரிய பன்றி தாண்டிவிடும். எட்டடிக்கு ஒரு இரும்புக் கம்பம், மொத்தம் இருபது. தட்டியின் அடிவிளிம்பு தரையைத் தொட வேண்டும், கம்பத்தோடு கீழேயும் கட்ட வேண்டும். பன்றி தாண்டுவதைவிட மூக்கால் நெம்பித் தூக்குவதில்தான் கெட்டி. இந்த உயரத்தில் ஒரு குறை உண்டு. இளங்குட்டிகள் இலையுதிர்காலம் வரை உள்ளே வர முடியாது. அதனால் பெரிய இழப்பில்லை, அந்த வயதில் தாய்ப்பாலும் தழையுமே அவற்றின் உணவு. மாடு மேயும் நிலமானால் மாடு இந்தத் தட்டியைச் சாய்த்துவிடும், மாட்டை அந்தப் பகுதிக்கே விடாதீர்கள்.

ரக்கூனை முழுவதும் தடுக்க முடியாது, குழாய் வாயில் தகரக் கவசம் வைத்தால் குறையும். இன்னொரு விளைவு பலருக்குத் தெரிவதில்லை. தீவனம் இருக்கும் இடத்தில் ரக்கூன் கூடும், கூடியவை பக்கத்துப் புல்லில் வான்கோழி முட்டையைத் தேடித் தின்னும். வசந்தத்தில் வான்கோழி அடைகாக்கும் புல்வெளிகளிலிருந்து ஃபீடரைத் தள்ளி வையுங்கள்.

மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் பயம் உண்மையானது. கடலைப் புண்ணாக்கில் கேள்விப்பட்ட அதே பூசண நஞ்சுதான். வறட்சியில் விளைந்த கதிரிலும், ஈரமாகச் சேமித்த தானியத்திலும் வரும். மானைவிட வான்கோழிக்கும் காடைக்கும் கேடு அதிகம். நூறு கோடியில் 20 பங்குக்குக் கீழ் என்று சோதித்துச் சீட்டு ஒட்டிய மூட்டையை மட்டும் வாங்குங்கள். சீட்டில்லாத மலிவுச் சரக்கு வேண்டாம். தரையில் குவிக்காமல், அன்றைக்குத் தின்று தீரும் அளவே தூவுங்கள். கோடை ஈரத்தில் சில நாளிலேயே பூசணம் ஏறிவிடும்.

நோய் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. மான்களை ஒரே தொட்டியில் மூக்கோடு மூக்கு வைக்கிறோம். மிச்சிகனின் வடகிழக்கில் மான்களிடையே மாட்டுக் காசநோய் நிலைத்ததற்குத் தீவனக் குவியல்கள் முக்கியக் காரணம் என்று கண்டு 1990-களின் கடைசியில் அங்கே தீவனத்துக்குத் தடை வந்தது. டெக்சாஸில் கவலை, மானை மெலியவைத்துக் கொல்லும் சிடபிள்யூடி (Chronic Wasting Disease) என்ற நோய். 2012-இல் மேற்குக் கோடியில் மியூல் மான்களிடமும், 2015-இல் மெடினா கவுண்டியில் அடைத்து வளர்த்த வெண்வால் மானிடமும் முதலில் கண்டார்கள். அந்த நோயை உண்டாக்கி மூளையைச் சிதைக்கும் பிரியான் என்ற பிறழ்ந்த புரதம் எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். மருந்தில்லை, தடுப்பூசி இல்லை. உங்கள் கவுண்டிக்கு இந்த நோய் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பருவமும் துறையிடம் கேளுங்கள். வந்தால் தொட்டிகளைக் குறைப்பதே சரி, நான் அங்கே புதிதாகத் தொடங்கச் சொல்ல மாட்டேன். வராவிட்டாலும் சுட்ட மான்களைச் சோதனைக்குக் கொடுங்கள். மக்காச்சோளத்தைப் பாதை நெடுகப் பரவலாகத் தூவுவதும், ஃபீடர் இடத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதும் நெரிசலைக் கொஞ்சம் குறைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, வரி. அந்த நிலம் ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் இருந்தால் அதை வனவிலங்கு மேலாண்மை மதிப்பீட்டுக்கு மாற்றலாம். ஏழு செயல்களில் குறைந்தது மூன்றைச் செய்ய வேண்டும். துணைத் தீவனம் ஒன்று, தண்ணீர் வைப்பது ஒன்று, எண்ணிக்கை எடுப்பது ஒன்று. இதற்கு உயர்புரதத் தீவனம்தான் கணக்கு, வேட்டைக்குத் தூவும் மக்காச்சோளம் உதவாது. மூட்டை ரசீதுகளையும் கேமராக் கணக்கையும் வைத்திருங்கள், கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்பார்கள்.

கடைசியாக, பலன் தெரிகிறதா என்பதைக் கொம்பை வைத்து அளக்காதீர்கள். 300 ஏக்கர் ஒரு ஆண் மானின் நடமாட்டத்துக்கே போதாது, நீங்கள் வளர்த்த கொம்பு பக்கத்து நிலத்தில் விழலாம். அந்த நிலத்துக்காரரோடு உட்கார்ந்து, இளம் ஆண்களை இருவரும் விட்டுவைப்பது, பெட்டைகளை இருவரும் எடுப்பது என்று பேசிக்கொள்வது இரண்டு தொட்டிக்குச் சமம். உங்கள் நிலத்தில் எடுக்கும் ஒவ்வொரு மானுக்கும் குடல் நீக்கிய எடை, தாடைப் பல்லை வைத்து வயது, பெட்டையானால் மடியில் பால் இருக்கிறதா, சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்றரை வயது மான்களின் சராசரி எடைதான் உண்மையான அளவுகோல். மூன்று பருவம் தீவனம் போட்டும் அந்த எடை ஏறவில்லை, ஜூனிப்பரில் கடித்த தடமும் மறையவில்லை என்றால், நான்காம் ஆண்டு மூட்டையைக் கூட்டாதீர்கள். அந்த ஆண்டு இன்னும் ஐந்தாறு பெட்டைகளை எடுத்துவிட்டு, மறுபடி ஆகஸ்டில் கேமரா வையுங்கள்.